பாங்கு சொல்லாத தொழுகை

பெரம்பலூர் வழியாகப் போகும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலை இரவு முழுவதும் உறங்குவதில்லை. இரண்டு மணிக்கும் லாரிகள் வரிசையாக ஓடுகின்றன. சாலையோர டீக்கடையில் பாய்லர் கொதிக்கிறது. அரியலூர்ப் பக்கம் போனால் சிமென்ட் ஆலைகளில் மூன்றாம் ஷிப்ட் நடந்துகொண்டிருக்கும். உட்புற ஊர்களில், மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடப் போன விவசாயி டார்ச் விளக்கோடு வரப்பில் நிற்பார். இவர்கள் எல்லோரும் விழித்திருப்பதற்குக் கூலி, பயிர், சரக்கு என்று ஏதாவது ஒரு காரணம் உண்டு. அதே நேரத்தில் வெள்ளாற்றின் தென்கரை ஊரான லப்பைக்குடிக்காட்டிலோ வி.களத்தூரிலோ ஏதோ ஒரு வீட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். யாரோ ஒளு செய்கிறார். அவரைப் பாங்கு எழுப்பவில்லை. எழாமல் படுத்திருந்தால் ஏன் என்று கேட்பாரும் இல்லை, அதில் பாவமும் இல்லை.

அந்தத் தொழுகைக்குத் தஹஜ்ஜுத் என்று பெயர். உறக்கத்தை உதறிவிட்டு எழுவது என்பது சொல்லின் பொருள். இரவில் நின்று வணங்குவதைப் பொதுவாகக் கியாமுல் லைல் என்பார்கள். இஷாவுக்குப் பின் ஒருமுறை உறங்கி எழுந்து தொழுவதையே தஹஜ்ஜுத் என்று ஷாஃபி மத்ஹபின் அறிஞர்கள் குறிப்பாகச் சொல்வார்கள். இரண்டிரண்டு ரக்அத்களாகத் தொழுது ஒற்றைப்படையில் வித்ரோடு முடிப்பது முறை. ரக்அத்களுக்கு மேல் எல்லை கட்டாயமாக வகுக்கப்படவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ரமலானிலும் மற்ற மாதங்களிலும் பதினொன்றைத் தாண்டித் தொழுததில்லை என்று ஆயிஷா (ரலி) சொன்ன செய்தி நபிமொழித் தொகுப்பான புகாரியில் இருக்கிறது. கடமையான தொழுகைகளுக்கு அடுத்தபடியாகச் சிறந்தது இரவுத் தொழுகையே என்று முஸ்லிம் நூலில் ஒரு நபிமொழி உண்டு. அப்படியானால் அதன் சிறப்பு எதில் தங்கியிருக்கிறது? அந்த நேரத்திலா, தொழுகையின் நீளத்திலா, உடம்பு படும் வருத்தத்திலா, யாரும் பார்க்காத தனிமையிலா? பதினான்கு நூற்றாண்டுகளாக அறிஞர்கள் இந்த நான்கையும் சொல்லி வந்திருக்கிறார்கள். நான்கும் உண்மைதான். ஆனால் இந்த நான்குக்கும் முன்னால் வைக்க வேண்டிய ஒன்று, இந்தத் தொழுகை கட்டாயம் என்ற நிலையிலிருந்து விருப்பம் என்ற நிலைக்கு இறங்கி வந்த கதையில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கதை மக்காவில் தொடங்குகிறது. குர்ஆனின் 73ஆவது அத்தியாயம் அல் முஸ்ஸம்மில். போர்த்திக்கொண்டு படுத்திருந்த நபியவர்களை விளித்து, இரவில் எழுந்து நிற்குமாறு அது கட்டளையிடுகிறது. பாதி இரவு, அல்லது அதில் கொஞ்சம் குறைத்து, அல்லது கூட்டி. அதிலும் குர்ஆனை நிறுத்தி நிதானமாக ஓத வேண்டும். ஐவேளைத் தொழுகை கடமையாவதற்கு முந்தைய காலம் அது. நபியவர்களோடு தோழர்களும் நின்றார்கள். கால்கள் வீங்கும்வரை நின்றார்கள். ஏறத்தாழ ஓராண்டு இப்படிப் போன பிறகு அதே அத்தியாயத்தின் கடைசி வசனம் இறங்கியது என்றும், அதன்பின் கட்டாயமாக இருந்தது விருப்பத் தொழுகை ஆனது என்றும் ஆயிஷா (ரலி) விளக்கியிருக்கிறார்கள். அந்த இருபதாவது வசனம் சலுகையை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, காரணத்தையும் சொல்கிறது. உங்களில் நோயாளிகள் இருப்பார்கள். இறைவனின் அருளைத் தேடிப் பூமியில் பயணம் போகிறவர்கள் இருப்பார்கள். அவன் பாதையில் போரிடுகிறவர்கள் இருப்பார்கள். ஆகவே இயன்ற அளவு ஓதுங்கள் என்பது அதன் கருத்து. நபியவர்களுக்கு மட்டும் இரவுத் தொழுகை கடமையாகவே நீடித்ததா என்பதில் விரிவுரையாளர்கள் ஒரு சொல்லை வைத்து நெடுநாள் வாதாடியிருக்கிறார்கள். 17ஆவது அத்தியாயத்தின் 79ஆவது வசனத்தில் வரும் ‘நாஃபிலா’ என்ற சொல் அது. கூடுதல் கடமை என்பார் ஒரு சாரார், கூடுதல் சிறப்பு என்பார் மற்றவர். நம் கேள்விக்கு அந்த வாதம் அவ்வளவு தேவையில்லை.

நமக்கு வேண்டியவர்கள் அந்த மூன்று பேர்: நோயாளி, பிழைப்புத் தேடிப் போனவர், போர்வீரர். பெரம்பலூர் மண் மூவரையும் கண்டது. 1751இல் ஆர்க்காட்டு நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும், ஒருவர் பின்னால் ஆங்கிலேயரும் மற்றவர் பின்னால் பிரெஞ்சுக்காரரும் நிற்க, வாலிகண்டபுரம் வட்டாரத்தில் மோதினார்கள். அதே வட்டாரத்து ரஞ்சன்குடிக் கோட்டை இன்றும் நெடுஞ்சாலையிலிருந்து தெரிகிறது. அந்தப் படைகள் போய்விட்டன. அருளைத் தேடிப் பூமியில் பயணம் போகிறவர்கள்தான் இன்று இந்த ஊர்களின் முகம். லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் அரபு நாடுகளை அறியாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். துபாய், சவூதி, குவைத் என்று போன பிள்ளைகளின் சம்பளத்தில் கட்டிய வீடுகள், தங்கை திருமணங்கள், பள்ளிவாசல் மராமத்துகள். அந்த வசனம் ஓதப்படும்போது அதில் தம் வீட்டு ஆளின் கதையையே கேட்கலாம் இவர்கள். நோயாளிக்கும் உழைப்பாளிக்கும் இடம் விட்டு ஒரு வணக்கம் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. அப்படி விட்ட பிறகும் ஒருவர் எழுகிறார் என்றால் அவர் செலுத்துவது வரி அல்ல, அன்பளிப்பு. மன்னிக்கப்பட்டவர்தானே தாங்கள், ஏன் கால் வீங்க நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, நன்றியுள்ள அடியானாக நான் இருக்க வேண்டாமா என்ற கருத்தில் நபியவர்கள் திருப்பிக் கேட்டதும் இதைத்தான் காட்டுகிறது. அச்சமோ கணக்கோ அந்தப் பதிலில் இல்லை.

இனி நேரத்துக்கு வருவோம். இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இறைவன் கீழ்வானத்துக்கு இறங்கி, கேட்பவர் உண்டா கொடுக்கிறேன், மன்னிப்புத் தேடுபவர் உண்டா மன்னிக்கிறேன் என்று அழைப்பதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் நபிமொழி இருக்கிறது. இங்கே ‘இறங்குதல்’ என்றால் என்ன என்பது இறையியலில் பெரிய வழக்கு. எப்படி என்று கேட்காமல் வந்தபடியே நம்ப வேண்டும் என்பது முன்னோர் பலரின் நிலை. அவன் அருள் இறங்குகிறது என்று பொருள் கொள்வது அஷ்அரி மரபில் பலரின் வழி. தமிழகத்து மதரஸாக்களில் ஓதியவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை அறிந்து வளர்ந்தவர்கள். அண்மைக் காலத்துத் தவ்ஹீத் இயக்கங்கள் முதலாவதை வலியுறுத்தின. மேடைகளில் இது கடுமையாகவே பேசப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் எழுந்து கேள் என்பதில் இரு தரப்புக்கும் பேதமே இல்லை. வழக்கு நடக்க வேண்டிய இடம் பகல் மேடை. கேட்க வேண்டிய நேரம் வேறு.

அந்தக் கடைசிப் பங்கு நம் வட்டாரத்தில் எப்போது தொடங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சூரியன் மறைவதிலிருந்து சுபுஹு தொடங்கும்வரை இரவு என்று கொள்வோம். டிசம்பர் கடைசியில் பெரம்பலூரில் சூரியன் சுமார் 5.57க்கு மறையும், சுபுஹு சுமார் 5.10. பதினொன்றே கால் மணி நேர இரவு. கடைசிப் பங்கு ஏறத்தாழ 1.25க்குத் தொடங்கும். ஜூன் கடைசியில் மறைவு 6.40, சுபுஹு 4.30, கடைசிப் பங்கு 1.15 அளவில். மார்கழிக்கும் ஆனிக்கும் நடுவே பத்து நிமிடம்தான் வித்தியாசம். வட ஐரோப்பாவில் கோடை இரவு சுருங்கி, இஷாவுக்கும் சுபுஹுக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் அங்குள்ள முஸ்லிம்கள் தவிப்பதை நினைத்தால், நமக்கு வாய்த்த இந்த நிலநடுக்கோட்டுப் பக்கத்து வாழ்க்கை எவ்வளவு பெரிய வசதி என்பது புரியும். ஆண்டு முழுவதும் ஒரே நேரம். நம் பாட்டிமார் கணக்கில் சொன்னால் மூன்றாம் சாமம் பாதி கழிந்ததிலிருந்து நான்காம் சாமம் முடியப்போகும்வரை. தொல்காப்பியர் மருதத்துக்கு ஒதுக்கிய வைகறைப் பொழுது இதன் கடைசிப் பகுதி. வெள்ளாற்றங்கரை மருத நிலம்தான். இந்தப் பொழுது இங்கே யாருக்கும் அந்நியமில்லை.

இங்கே 1.30 ஆகும்போது துபாயில் நள்ளிரவு 12, ரியாத்தில் இரவு 11. தாய் தொழுகைப் பாயில் உட்கார்ந்து கையேந்தும் அந்த வேளையில் மகன் கேம்ப் அறையில் அன்றைய வேலையை முடித்து அப்போதுதான் படுத்திருப்பான். அவனுக்கு அந்த நேரம் தொடங்கும்போது இங்கே அதில் ஏறத்தாழப் பாதி கழிந்திருக்கும். ஒரே குடும்பத்துக்கு இரண்டு முறை வருகிறது அந்த வேளை.

நேரத்தோடு சேர்ந்தது ஓதுதல். இரவில் எழுவது மனத்தில் ஆழமாகப் பதியும், சொல்லும் நேர்படும் என்ற கருத்தை முஸ்ஸம்மில் அத்தியாயமே ஆறாம் வசனத்தில் சொல்லிவிடுகிறது. பகலில் நீண்ட அலுவல் உண்டு என்று அடுத்த வசனம் ஒப்புக்கொள்கிறது. தமிழ் முஸ்லிமுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தொழுகையில் ஓதுவது அரபு. சிறிய சூராக்கள் நான்கைந்துதான் பலருக்கு மனப்பாடம். பொருளும் முழுதாகத் தெரியாது. அப்துல் ஹமீத் பாக்கவி 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லாண்டு பாடுபட்டுக் குர்ஆனைத் தமிழாக்கித் தந்தது இந்த இடத்தில் பெரிய கொடை. பகலில் பொருள் படித்துக்கொண்டவருக்கு இரவில் அதே நான்கு சூரா வேறாகக் கேட்கும். ஸலாம் கொடுத்த பிறகு கையேந்தும் துஆ தமிழிலேயே வரும். மகளுக்கு நல்ல இடம், மகனுக்கு இக்காமா (வளைகுடாவில் தங்கும் அனுமதி), கடன், முழங்கால் வலி. இலக்கணம் பார்க்காத தமிழ். அரபியில் முனாஜாத் என்றால் அந்தரங்கமாகப் பேசுவது. அந்தச் சொல்லையே எடுத்து முனாஜாத்து என்று ஒரு சிற்றிலக்கிய வகையையே தமிழ் இஸ்லாமியப் புலவர்கள் உண்டாக்கினார்கள். கிஸ்ஸா, மசலா, நாமா என்ற வரிசையில் இறைவனிடம் முறையிடுவதற்கென்றே ஒரு பாவகை. பகலில் மேடை ஏறிய முனாஜாத்தின் மூலவடிவம் இரவில் பாயில் உட்கார்ந்து முணுமுணுக்கப்படுவதுதான்.

யாரும் பார்க்காத தனிமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படுக்கையை விட்டு விலாக்கள் விலகுகிறவர்களைப் பற்றி 32ஆவது அத்தியாயம் பேசுகிறது. அவர்களுக்காகக் கண்குளிர என்ன மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது என்று அடுத்த வசனம் சொல்கிறது. அவர்கள் செயலை மறைத்தார்கள், அவன் கூலியை மறைத்து வைத்தான் என்று பஸ்ராவின் ஹஸன் (642–728) இரண்டையும் இணைத்ததாகச் சொல்வார்கள். கடமை அல்லாத தொழுகைக்கு வீடே சிறந்த இடம் என்ற நபிமொழியும் இதற்குத் துணை.

உடம்பு படும் வருத்தம் என்ற காரணத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள் என்பது என் எண்ணம். கால் வீங்கிய செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, எவ்வளவு வருத்தமோ அவ்வளவு நன்மை என்று கணக்குப் போடுகிறார்கள். ஆதாரங்கள் அந்தக் கணக்கை அனுமதிக்கவில்லை. பள்ளிவாசலில் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பதை நபியவர்கள் பார்த்தார்கள். ஸைனப் (ரலி) நின்று தொழுது சோர்ந்தால் பிடித்துக்கொள்ளக் கட்டியது என்றார்கள். அதை அவிழ்க்கச் சொல்லி, உற்சாகம் இருக்கும்வரை தொழுங்கள், சோர்ந்தால் உட்காருங்கள் என்று சொன்னார்கள். இரவு முழுவதும் நின்று பகலெல்லாம் நோன்பிருந்த தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரிடம், உன் உடம்புக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உன்மீது உரிமை உண்டு என்று நினைவூட்டினார்கள். இறைவனுக்கு மிகப் பிரியமானது தாவூத் நபியின் தொழுகை: பாதி இரவு உறக்கம், மூன்றில் ஒரு பங்கு தொழுகை, ஆறில் ஒரு பங்கு மறுபடி உறக்கம். ஸல்மான் ஃபாரிஸி தம் நண்பர் அபூதர்தாவின் வீட்டில் தங்கியபோது, எழ முயன்றவரை மறுபடி மறுபடி படுக்க வைத்துவிட்டு, இரவின் கடைசியில் இப்போது எழு என்று இருவருமாகத் தொழுத செய்தியும் உண்டு. நபியவர்கள் ஸல்மான் சொன்னதே சரி என்றார்கள். கண் சொருகும்போது தொழாதே, உறங்கு. மன்னிப்புக் கேட்கப்போய் தன்னையே திட்டிக்கொள்ள நேரும் என்ற எச்சரிக்கை வேறு இருக்கிறது. இத்தனையும் கடைசியில் ஒரே இடத்துக்கு வருகின்றன: கொஞ்சமானாலும் விடாமல் செய்வதே பிரியமானது.

உறங்கி எழுந்து மறுபடி உறங்குவது என்பது மனித உடம்புக்கு முரணானதும் அல்ல. மின்விளக்கு வருவதற்கு முன் ஐரோப்பாவில் மக்கள் முதல் உறக்கம், இரண்டாம் உறக்கம் என்று இரவைப் பகுத்துக்கொண்டு, நடுவே எழுந்து பிரார்த்தனையும் வீட்டு வேலையும் செய்ததை வரலாற்றாசிரியர் ரோஜர் எகிர்ச் 2001 முதல் ஆவணங்களோடு எழுதிவருகிறார். அந்தப் பழைய இரவு நமக்கும் இருந்திருக்கலாம். அதை இழந்தது எப்படி என்பதற்கு இமாம் கஸ்ஸாலியிடம் (1058–1111) விடை இருக்கிறது. தம் இஹ்யா நூலில் இரவு எழுவதை எளிதாக்கும் வெளிக் காரணங்களை அவர் பட்டியலிடும்போது தொழுகையைப் பற்றியே பேசுவதில்லை. இரவில் வயிறு முட்ட உண்ணாதே. பகலில் உடம்பை அளவுக்கு மீறி வருத்தாதே. நண்பகலில் சிறிது கண்ணயர். பகலில் பாவம் செய்யாதே என்கிறார். உள்காரணங்களில் முதலில் வைப்பது, பிறர்மீது பகை இல்லாத நெஞ்சு. இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபியவர்கள் விரும்பவில்லை என்பதை இத்தோடு சேர்த்தால் தெளிவாகிறது. தஹஜ்ஜுத் இரவு இரண்டு மணிக்குத் தொடங்குவதில்லை. முந்தைய இரவு ஒன்பதரைக்கே, கைபேசியைக் கீழே வைக்கும்போதே தொடங்குகிறது. பதினொரு மணிக்குப் பரோட்டா தின்று, ஒரு மணிவரை திரையைத் தேய்த்துவிட்டு, அலாரத்தின்மீது பழி போடுவதில் பொருளில்லை.

ரமலான் வந்தால் காட்சியே மாறுகிறது. ஸஹருக்கு ஊரே எழுகிறது. தப்ஸ் தட்டிப் பாடி எழுப்பிய பக்கீர்களின் குரலைப் பெரியவர்கள் இன்னும் நினைவுகூர்வார்கள். பலருக்கு ஆண்டில் அந்த ஒரு மாதம்தான் தஹஜ்ஜுத் மாதம். கடைசிப் பத்து நாட்களில் பள்ளிவாசல்களில் கியாமுல் லைல் ஜமாஅத்தாக நடக்கிறது. மக்கா ஹரமில் நடப்பதை நேரலையில் பார்ப்பவர்களும் உண்டு. தராவீஹ் இருபதா எட்டா என்ற பிணக்கு தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களைப் பிரித்தது என்பதை எல்லோரும் அறிவோம். அதை இங்கே கிளற வேண்டாம். உமர் (ரலி) மக்களை உபை இப்னு கஅபின் பின்னால் ஒரே ஜமாஅத்தாகத் திரட்டிவிட்டு, அதைப் பாராட்டிய அதே மூச்சில், இப்போது உறங்கிவிட்டுப் பிறகு எழுந்து தொழும் வேளை இதைவிடச் சிறந்தது என்றும் சொன்னார் என்பது புகாரியில் உள்ள செய்தி. எண்ணிக்கைச் சண்டையில் அந்த இரண்டாவது பாதி காணாமல் போய்விட்டது. ரமலானுக்கு வெளியே நஃபில் என்னும் விருப்பத் தொழுகைக்கு ஆள் கூப்பிட்டு ஜமாஅத் நடத்துவதை ஹனஃபி அறிஞர்கள் விரும்பாததும் இதனால்தான் பொருளுள்ளதாகப் படுகிறது. ஊர் கூடி எழுவதற்கு ஒரு மாதம் இருக்கிறது. மற்ற பதினொரு மாதமும் அவரவர் பாடு.

நம் மண்ணில் விடியலுக்கு முன் எழும் மற்ற வழக்கங்களோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். மார்கழியில் அரியலூர்க் கோவில்களிலிருந்து திருப்பாவை ஒலிக்கும். ஆண்டாளின் அந்த நூலே தோழியரை வீடு வீடாக எழுப்புவதாக அமைந்தது. சேர்ந்து எழுவதில் அதன் அழகு. தஹஜ்ஜுதுக்கு எழுப்புபவர் பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பவர்தான். கணவன் எழுந்து மனைவியை எழுப்பட்டும், மனைவி எழுந்து கணவனை எழுப்பட்டும், எழாவிட்டால் முகத்தில் தண்ணீர் தெளிக்கட்டும், அவர்கள்மீது இறைவன் கருணை காட்டட்டும் என்று அபூதாவூதில் ஒரு நபிமொழி இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வரும் கணவர்களின் ஊரில் இந்தச் செய்தி ஒரு ஏக்கத்தோடுதான் கேட்கும். இந்த ஊர்களில் பெண்களே குடும்பத்தை நடத்துகிறார்கள்: பள்ளிக் கட்டணம், மாமனார் மருந்து, வங்கி. பகலில் அவர்களுக்கென்று ஒரு மணி நேரம் கிடைப்பது அரிது. பள்ளிவாசல் ஜமாஅத்தில் அவர்களுக்கு இடம் இருக்கிறதா இல்லையா என்ற விவாதம் எட்டாத தொழுகையும் இது. நபியவர்களின் மனைவி ஹஃப்ஸாவை (ரலி) அதிகம் நோன்பிருப்பவர், அதிகம் இரவில் நிற்பவர் என்று வானவர் ஜிப்ரீல் குறிப்பிட்டதாக அறிவிப்பு உண்டு. இந்தத் தொழுகையின் வரலாற்றில் பெண்கள் ஓரத்தில் நிற்பவர்கள் அல்ல.

இரவில் எழுகிறவரை எப்படி அறிவது? இரவில் அறிய வழியில்லை, அறியவும் கூடாது. மதீனாவுக்கு நபியவர்கள் வந்த நாளில் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் முதன்முதலாகக் கேட்ட பேச்சு நபிமொழி நூல்களில் இருக்கிறது. ஸலாமைப் பரப்புங்கள், உணவளியுங்கள், உறவைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மக்கள் உறங்கும்போது தொழுங்கள் என்ற நான்கு. இரவுத் தொழுகை அதில் கடைசியாக வருகிறது. முன்னால் வரும் மூன்றும் பகல் வேலைகள், அதுவும் மனிதர்களோடு செய்பவை. பங்காளியோடு பத்து வருடமாகப் பேச்சில்லாமல் இரவில் ஸஜ்தாவில் அழுகிறவருக்கு இந்த வரிசை சங்கடமானது. கஸ்ஸாலி பகையில்லாத நெஞ்சை முதலில் வைத்ததும் இந்த வரிசையோடு ஒத்துப்போகிறது.

மீதி இருப்பவர் மூன்றாம் ஷிப்ட்காரர். இரவு பத்து முதல் காலை ஆறுவரை சூளைப் பக்கத்தில் நிற்பவருக்கும், லாரி ஓட்டுநருக்கும், மருத்துவமனைச் செவிலிக்கும் கடைசிச் சாமம் சொந்தமில்லை. அவர்கள் விடுபட்டவர்களா? படுக்குமுன் வித்ரைத் தொழுதுவிடச் சொல்லி அபூஹுரைராவுக்கு நபியவர்கள் செய்த அறிவுரை இருக்கிறது. எழ எண்ணிப் படுத்து உறக்கம் மிகைத்துவிட்டால் எண்ணத்துக்கே கூலி எழுதப்படும், உறக்கம் அவருக்குத் தர்மம் என்ற செய்தி இருக்கிறது. எல்லாவற்றையும்விட, நோயினாலோ உறக்கத்தினாலோ இரவுத் தொழுகை தவறிப்போனால் நபியவர்கள் பகலில் பன்னிரண்டு ரக்அத் தொழுதார்கள் என்று ஆயிஷா (ரலி) சொன்னது இருக்கிறது. இரவில் ஓத வேண்டியதைத் தவறவிட்டவர் சுபுஹுக்கும் லுஹருக்கும் நடுவே ஓதிவிட்டால் இரவில் ஓதியதாகவே எழுதப்படும் என்பது உமர் (ரலி) வழியாக வந்த நபிமொழி. காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ்ஸில் இறங்கி, குளித்து, நாலு இட்லி தின்று, ஜன்னலைச் சாத்திப் படுப்பவர், பதினோரு மணிக்குக் கண் விழித்தால் லுஹர் பாங்குக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வெளியே வெயில் கொளுத்தும், தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போவார். அவர் ஒளு செய்துகொண்டு பாயை விரிக்கிறார். அவருக்கு அது இரவு.